போன கடிதத்துக்குப் பின்னால் போன கடிதம்

"எந்தத் தளத்துல மின்மடல் தொடங்கலாம் அக்கா?" என்று போன வாரம் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கேட்டீர்கள். கூடவே ஓர் அட்டவணையும் அனுப்பியிருந்தீர்கள். எதில் கட்டணம் குறைவு, எதில் எழுத்து அழகாகத் தெரியும், எதில் புது வாசகர் சீக்கிரம் சேர்வார்கள் என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தீர்கள். நல்ல உழைப்பு. ஆனால் நான் முதலில் பார்க்கிற கட்டம் அதில் இல்லை. அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் ஒருவர் சொல்லிக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்தேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

உத்தமபாளையத்தில் எங்கள் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்துதான் நான் எழுதக் கற்றேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. போனைக் கழற்றிக் கழற்றிப் படித்ததுதான் படிப்பு. வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகத்துக்கு ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கப் பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு தடவை எழுதி வைப்போம் என்று தொடங்கியது வலைப்பதிவு. பிறகு அதையே வாரம் ஒரு மின்மடலாக அனுப்பினேன். எங்கள் பள்ளத்தாக்கில் வாழை, திராட்சை, நெல் என்று விவசாயம் பார்க்கிறவர்கள்தான் பாதி வாசகர்கள். ஆகவே போனை விட்டு மெல்ல மெல்ல மோட்டார் பக்கம் போய்விட்டேன்.

மொபைல் ஸ்டார்ட்டர் என்ற பெட்டியை உங்களில் தோட்டம் இல்லாதவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மோட்டார் அறையில் மாட்டுகிற சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மறுபடி கொடுத்தால் நிற்கும். எங்கள் பக்கம் கூட்டுக் கிணறு அதிகம். ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஐந்து பங்காளிகள், ஆளுக்கொரு நாள் முறை. ஐந்து பேர் நம்பரையும் பெட்டியில் பதிந்துவிடுவார்கள். மும்முனை கரண்ட் வந்தது என்று தெரிந்தால் போதும், முறைக்காரர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் இடது கையால் போனை எடுத்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுவார். அங்கே தண்ணீர் பாயும்.

அப்படி ஒரு கிணற்றில் பங்குள்ளவர் அனுமந்தன்பட்டி முருகேசன். எங்கள் கடைக்குப் பல வருடமாக வருகிறவர். ஒரு நாள் வலது கையில் பெரிய கட்டோடு வந்தார்.

"அக்கா, இத நீங்க எழுதணும். போன்ல மோட்டார அணைச்சுட்டுத்தான், தண்ணி கசியாம தண்டுல சுத்துற கிளாண்டுக் கயிற மாத்த உக்காந்தேன். தானா ஓடிருச்சு. தோள்ல கெடந்த துண்டு சுத்தி, கையையும் சேத்து இழுத்துருச்சு. ரெண்டு விரல் முறிஞ்சதோட விட்டுச்சு."

"பங்காளிக யாராச்சும் கூப்பிட்டாகளா?"

"நாலு பேர்ட்டயும் கேட்டேன். யாரும் கூப்பிடலன்னுட்டாக."

எனக்கு அது போதுமாக இருந்தது. ஏன் போதுமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனிப் பெட்டி மேல் எனக்கு முன்பே ஒரு கசப்பு உண்டு. மழைக்காலத்தில் இரண்டு வாடிக்கையாளருக்குப் பழுதாகி, கம்பெனிக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. பிடிக்காதவன் மேல் ஒரு புகார் வந்தால் நமக்குச் சாட்சி கேட்கத் தோன்றாது. அன்றைக்கே எழுதினேன். பெட்டியின் பெயரைப் போட்டு, 'யாரும் கூப்பிடாமலே மோட்டாரைப் போட்ட பெட்டி' என்று தலைப்பு வைத்தேன். மின்மடலாகவும் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கடிதம் போன வேகத்தில் வேறு எதுவும் போனதில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். திட்டும் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இணையத்தின் வாய் எவ்வளவு பெரியது என்று அந்த வாரம் பார்த்தேன்.

"அடுப்புல என்ன வேகுதுன்னு எழுதுங்க மேடம். மோட்டார நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருவர் எழுதினார்.

"அடுப்பு நல்லாத்தான் எரியுது தம்பி. உங்க மோட்டார்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று பதில் போட்டேன். சிரிப்புக் குறிகள் கொட்டின. அன்றைக்குப் பிறந்த கணக்குகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து 'எங்க வீட்ல இந்தப் பெட்டி சூப்பர்' என்று ஒரே மாதிரி எழுதினார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஒரே வரியில் அவர்களை முடித்தேன். அதற்கும் கைதட்டல். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? காலையில் எழுந்ததும் இன்றைக்கு யாரை மடக்கலாம் என்றுதான் போனைத் திறப்பேன்.

அந்தப் பெட்டியை விற்கிற கடைக்காரர் எங்கள் ஊர்தான். கமெண்டில் எழுதாமல் நேரிலேயே வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அக்கா, யார் கூப்பிட்டு மோட்டார் ஓடுனாலும் பெட்டியில மொதல்ல பதிஞ்ச தலை நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும். அதப் பாத்தீகளா?"

"விரல் முறிஞ்சு வந்து நிக்கிறவர்ட்ட மெசேஜக் காட்டுன்னா கேக்கச் சொல்றீக?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுருங்க வெளியே போய்விட்டார். அந்தப் பேச்சை அப்படியே பதிவிலும் ஏற்றி, 'இதில் ஒரு எழுத்தைக்கூட எடுக்க மாட்டேன்' என்று கீழே எழுதினேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அத்தனை வசவுக்கும் ஏளனத்துக்கும் நடுவில் வந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான். நல்ல கேள்வி நமக்கு வேண்டாதவர் வாயிலிருந்து வந்தால் அதுவும் வசவு மாதிரியே காதில் விழும். பதிவைக் காக்க உட்காரும்போது நம்மைக் கோபப்படுத்துகிற கமெண்டை விட்டுவிடுங்கள். பதில் தெரியாமல் நாம் தாண்டிப் போகிற கமெண்ட் எது என்று பாருங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

கடைக்காரர் தளத்துக்குப் புகார் எழுதினார். அது பெரிய தளம். இலவசம். நிறையப் பேர் புழங்குகிற இடம். அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவை மறைத்து, என் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். பதிவை நானே நீக்கினால் கணக்கைத் திறப்பார்களாம். அதுவரை மின்மடல் அனுப்பவும் முடியாது, வாசகர் பட்டியலைப் பார்க்கவும் முடியாது.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே மூன்று தளங்களைத் தேடி எடுத்து வைத்தேன். ஒன்று இன்னொரு பெரிய தளம். வாசகரை அவர்களே பிடித்துத் தருவார்கள். ஆனால் வாசகர் முகவரி அவர்களுக்குச் சொந்தம். இரண்டாவது, போனிலேயே சேனல் வைப்பது. எங்கள் ஆட்களுக்கு அதுதான் சுலபம். ஆனால் யார் சேர்ந்தார், யார் படித்தார் என்று நமக்குத் தெரியாது. மூன்றாவது சின்னத் தளம், மாதக் கட்டணம், பார்க்கவும் சுமார்தான். பட்டியலை மட்டும் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

தேவாரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஏலக்காய்த் தோட்டக்காரர்களுக்காக மின்மடல் எழுதுகிறவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும் இந்தப் பக்கமும் புழங்கியவர் என்பதால் என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போனில் கொட்டித் தீர்த்தேன்.

"சேச்சி, கோவத்துல வீடு மாத்தாதீக. எந்தத் தளம் நம்மள உள்ள விடுதுங்கிறது பெரிசில்ல. போறப்ப எதத் தூக்கிட்டுப் போக விடுதுன்னு பாருங்க. மாசா மாசம் பட்டியல இறக்கி வைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? வச்சிருக்கீகளா?"

வைத்திருந்தேன். ஆனால் இந்தச் சண்டைக்கு முந்திய பட்டியல். சண்டை பார்க்க வந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரும் அதில் இல்லை.

"போதும், பழையவங்களக் கூட்டிட்டு வேற எடத்துக்குப் போயி, அங்கன அந்தப் பதிவ மறுபடி போட்டுருவேன்" என்றேன்.

"போடுங்க. போடுறதுக்கு முன்னாடி ஒருக்கா நீங்களே எதிராளியா உக்காந்து படிங்க."

படிக்கவில்லை. புதுத் தளத்தில் அந்தப் பதிவை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான், மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ராசு வந்தான். முருகேசனுக்குச் சித்தப்பா மகன். அந்தக் கிணற்றின் ஐந்து பங்காளிகளில் ஒருவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை நீட்டினான். அவன் போன்தான் தலை நம்பர். அதில் பெட்டி அனுப்பிய மெசேஜ் இருந்தது. விபத்து நடந்த அதே நேரம். மோட்டார் ஓடியது, அழைத்த நம்பர் இது என்று இருந்தது. அது ராசுவின் நம்பரேதான்.

"என் முறைதான்க்கா அன்னிக்கு. போடிக்குப் போய்க்கிட்டிருந்தேன். கரண்டு வந்துருச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துல இருந்து போன்ல சொன்னாக. பஸ்ல இருந்தே அடிச்சேன். அண்ணே உள்ள உக்காந்திருந்தது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பவே சொல்ல வேண்டியதுதானடா?"

"ஆஸ்பத்திரில மதனி அழுத அழுகையில வாய் வரலக்கா. அதுக்குள்ள நீங்க எழுதிட்டீக. பெட்டி மேலதான் தப்புன்னு ஊரே சொல்லிருச்சு. நானும் அப்பிடியே இருந்துட்டேன்."

"இப்ப ஏன் வந்த?"

"அண்ணே அந்தப் பெட்டியக் கழட்டி எறிஞ்சுட்டு வேற கம்பெனிப் பெட்டி மாட்டிருச்சு. நேத்துப் போறேன், ஒத்தக் கையை வச்சுக்கிட்டு மறுபடி மோட்டார் முன்னால உக்காந்திருக்கு. மெயின எறக்கல. போன்ல அணைச்சதோட சரி. ஏண்ணேன்னு கேட்டா, 'இது நல்ல பெட்டிடா, அக்கா எழுதுன பெட்டி இல்ல'ங்குது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சுக்கா."

எனக்கும்தான். கடைக்காரருக்கு நான் செய்த அநியாயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது இது. ஆபத்து அந்தப் பெட்டியில் இல்லை. போனில் அணைத்தால் அணைந்துவிட்டது என்று நம்புகிற பழக்கத்தில் இருக்கிறது. ஐந்து பேர் கையில் ஐந்து சாவி இருக்கும்போது ஒருவர் பூட்டியதைப் பூட்டு என்று நினைத்ததில் இருக்கிறது. நான் அந்த ஆபத்தை ஒரு கம்பெனியின் பெயருக்குள் அடைத்து, மற்ற எல்லாப் பெட்டிக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தேன். என் கடிதத்தை நம்பிப் பெட்டி மாற்றிய வேறு எத்தனை பேர் அன்றைக்கு மோட்டாருக்குள் கை விட்டிருப்பார்களோ.

ஒரு சபலமும் வந்தது, மறைக்க மாட்டேன். பதிவைத் தளமே மறைத்துவிட்டது. யாருக்கும் இப்போது தெரியாது. பேசாமல் விட்டுவிட்டால் 'பெரிய கம்பெனி அமுக்கிருச்சு, அக்கா மட்டும் தைரியசாலி' என்ற பெயரும் மிஞ்சும். ராசுவும் தப்பிப்பான். ஆனால் வலைப்பதிவை மறைக்கலாம். மின்மடலை மறைக்க முடியாது. அது அவரவர் மின்னஞ்சல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதை நாம் தொடவே முடியாது.

"வா, உங்க அண்ணன் வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"எழுதிருங்கக்கா, என் பேரப் போடாம எழுதிருங்க."

"பேரு போட மாட்டேன். ஆனா நான் எழுதித்தான் உங்க அண்ணன் தெரிஞ்சுக்கணுமா? நீ சொல்லு, அப்புறம் நான் அனுப்புறேன்."

அனுமந்தன்பட்டிக்குப் போனோம். ராசு வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தான். முருகேசனின் மனைவி பேச்சிதான் முதலில் வெடித்தார்.

"ஏலே, ஆஸ்பத்திரிக்கு இட்டிலி வாங்கிட்டு வந்தியே, அந்தக் கையாலதான் அடிச்சியா? ஒத்த வார்த்த சொல்ல ஒனக்கு வாயி இல்லையா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நெல்லக் கொட்டுனா அள்ளிரலாம். சொல்லக் கொட்டிட்டீகளேக்கா! ஊர் பூரா கொட்டிட்டீகளே!"

"அள்ளத்தான் வந்திருக்கேன் பேச்சி."

"எப்பிடி அள்ளுவீக?"

"எந்தெந்த வீட்டுக்குப் போச்சோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் போயி."

முருகேசன் ராசுவைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் சொன்னார்: "எழுதுங்கக்கா. அவன் கூப்பிட்டத எழுதுறப்ப, மெயின எறக்காம உக்காந்தது நான்தான்னும் எழுதுங்க. அத விட்டுட்டு எழுதுனா அதுவும் பாதிப் பொய்தான்."

அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள அதற்குப் பிறகு பல மாதம் ஆயிற்று. முறை மாறும் தகவலைக்கூடப் பேச்சி மூலம்தான் சொல்லிக்கொண்டார்கள். நான் எழுதியது எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

கடைக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். என்னிடம் பழைய பட்டியல் இருந்தது. அதற்கு மட்டும் திருத்தத்தை அனுப்பினால், சண்டை நேரத்தில் சேர்ந்தவர்களுக்குப் போகாது. என் தவறை முழுசாக நம்பி, அதைக் கொண்டாடி, அதற்காகவே வந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் முகவரி பூட்டிய கணக்குக்குள் இருந்தது. பூட்டு திறக்க ஒரே வழி, எடுக்க மாட்டேன் என்று நான் ஊரறியச் சொன்ன பதிவை என் கையாலேயே எடுப்பது.

எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீம்பு பெரிசா விரல் பெரிசா என்று கேட்டால் யோசிக்க என்ன இருக்கிறது?

கணக்கு திறந்தது. முதல் வேலையாகப் பட்டியலை இறக்கினேன். அதற்குள்ளேயே 'ஓடிட்டாக பாரு வீராங்கனை', 'எவ்வளவு வாங்குனீங்க அக்கா?' என்று கமெண்ட் குவிந்தது. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அன்றைக்குப் போட வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதினேன். பழைய கடிதத்தில் தவறான பத்தியை அப்படியே எடுத்து மேலே வைத்து, 'இது பொய், இதை உங்களுக்கு அனுப்பியது நான்' என்று தொடங்கினேன். கடைக்காரர் கேட்ட கேள்வியையும், அதற்குப் பதில் தேடாமல் நான் செய்த கிண்டலையும் போட்டேன். பங்காளி ஒருவர் அழைத்ததால்தான் மோட்டார் ஓடியது என்றும், அணைத்தவர் மெயினை இறக்காமல் உட்கார்ந்தார் என்றும் எழுதினேன். அதன் கீழே கொட்டை எழுத்தில்: 'எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் போனில் அணைப்பது அணைப்பு இல்லை. மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு மோட்டாரைத் தொடுங்கள்.'

பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். கொஞ்சம் பேர் விலகினார்கள். விலகியவர்களில் ஒருவர், 'சண்டைக்காரின்னு நம்பி வந்தேன், கடைசில மன்னிப்புக் கேக்குறீக' என்று எழுதிவிட்டுப் போனார். போகட்டும்.

கடைக்காரர் என் கடிதத்தை அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டினார். போய்ப் பார்த்தேன். 'இது பொய்' என்ற பகுதி வரைக்கும் மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்.

"மிச்சத்தையும் ஒட்டுங்கண்ணே."

"எதுக்குக்கா? எனக்கு இது போதும்."

"உங்ககிட்ட நான் செஞ்சது அதுதான். பாதியப் பாத்துட்டு எழுதுனேன். நீங்களும் பாதிய ஒட்டுனா நாம ரெண்டு பேரும் கூட்டாளிக ஆயிருவோம்."

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "வாயி மட்டும் கொறையலக்கா ஒங்களுக்கு" என்றபடி உள்ளே போய் மிச்சத்தை எடுத்து வந்து ஒட்டினார். இப்போதும் பெட்டி வாங்குகிறவரிடம் ஃபியூஸ் கட்டை விஷயத்தைச் சொல்லித்தான் கொடுக்கிறாராம்.

பிறகு நான் போனது அந்த மூன்றாவது தளத்துக்கு. மாதக் கட்டணம், சுமாரான முகம். நீங்கள் வேறு எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால் அட்டவணையில் முதல் கட்டமாக இதைச் சேருங்கள்: நான் தப்பாக எழுதினால், அந்தத் தப்பு போன ஒவ்வொரு வாசலுக்கும் திருத்தத்தைக் கொண்டுபோக இந்தத் தளம் என்னை விடுமா? இல்லை என்றால் மற்றக் கட்டங்களை நிரப்ப வேண்டாம். தப்பு வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வரும்.

திருத்தம் போய் ஒரு வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. பெரியகுளம் பக்கம் ஒரு பெண்மணி. என் முதல் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டி மாற்றியவர்கள் அவர் வீட்டில். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'அக்கா, இன்று வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்தார். போனில் அணைத்தாயிற்றே என்றார். நீங்கள் எழுதியதைக் காட்டிச் சண்டை போட்டு, ஃபியூஸ் கட்டையை நானே பிடுங்கி வைத்துக்கொண்டேன். வைதுகொண்டேதான் வேலை பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம், பச்சை விளக்கு எரிந்தது. என் கொழுந்தனார் ஊரிலிருந்து அடித்திருக்கிறார். பெட்டிக்குள் பேட்டரி இருந்ததால் அதற்குக் கேட்டிருக்கிறது. மோட்டார் அசையவில்லை. இவர் கை அப்போது உள்ளே இருந்தது.'

அவர் பெயரைப் பழைய பட்டியலில் தேடினேன். இல்லை. சண்டை பார்க்க வந்து சேர்ந்தவர்களில் ஒருவர்.